கடைசி லயம், கடைசித் தெரு

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் பழங்குடிப் பெண்கள் சிலரோடு சேர்ந்து மிளகு நாற்று வளர்க்கிறோம். இங்கே சில்வர் ஓக் மரத்தில்தான் பெரும்பாலும் கொடியை ஏற்றுவார்கள். இந்த வேலைக்கு வந்த பிறகு, எந்த ஊருக்குப் போனாலும் நாற்றுக்கடையைக் கண்டால் என் கால் நின்றுவிடும்.

2023-ல் இலங்கை மலையகத்துக்குப் போயிருந்தேன். தோட்ட வேலைக்காக நம் மக்கள் அங்கே கொண்டுபோகப்பட்ட 200 ஆண்டு வரலாற்றை மலையகமே நினைவுகூர்ந்த வருடம் அது. அட்டனில் சாலையோரமாக ஒரு நாற்றுக்கடை. ரோஜா, அந்தூரியம், ஓரத்தில் பாலித்தீன் பைகளில் மிளகுக் கொடி. கடைக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"இதை எந்த மரத்துலக்கா ஏத்துவீங்க?"

"சபுக்குல" என்று மேட்டைக் காட்டினார். பார்த்தால் நம்ம சில்வர் ஓக்!

"எந்த ஊரு தங்கச்சி?"

"நாமக்கல் மாவட்டம். கொல்லிமலையில வேலை."

"எங்க தாத்தாவோட பிரஜாவுரிமை மனுவுல சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுக்கான்னு இருக்கும்" என்றார். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அவர் தாத்தாவின் ஊரும் என் ஊரும் ஒரே தாலுக்கா. 1948 சட்டம் நாடற்றவராக்கிய லட்சக்கணக்கானோரில் அந்தத் தாத்தாவும் ஒருவர். அக்கா முக்காலி எடுத்துப் போட்டார். பிளேன்டீ வந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "உங்க குலதெய்வம் எந்தக் கோயில்க்கா?"

அவர் சிரித்தார். "சாதி கேக்குறீங்களா தங்கச்சி?"

தோழர்களே, எனக்கு முகம் செத்துப்போனது. வாடகைக்கு வீடு தேடிய ஒவ்வொரு தெருவிலும் என்னிடம் இப்படித்தான் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். குலதெய்வம் எது, ஊரில் எந்தப் பக்கம், அப்பா பெயர் என்ன. அந்தக் கேள்விகளால் காயப்பட்ட நானே அதே கேள்வியை இன்னொருவர் மீது வீசியிருக்கிறேன். படித்த சமூகவியல் அதற்கு 'தகவல் சேகரிப்பு' என்று பெயர் வைத்துக் கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

"ஆமாக்கா, தப்புதான்" என்றேன். பிறகு என் சாதியைச் சொன்னேன். ஊரில் எங்கள் தெரு கடைசித் தெரு என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்களுது கடைசி லயம்."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்களைக் கூட்டிப்போன பெரிய கங்காணிகளில் பலர் ஆதிக்க சாதியினர். கடனை எழுதிய துண்டும் கங்காணியின் பிடியில். லயங்களிலும் சாதி பார்த்தே குடிவைத்தார்கள்.

கொடியை ஆசையாக வாங்கினேன். கொண்டுவர முடியவில்லை. வெளிநாட்டுச் செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை. அது நியாயமான கட்டுப்பாடு. 1869-ல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அந்நாட்டின் காப்பித் தோட்டங்களையே அழித்தது. செடியோடு வரும் நோயை நிறுத்தச் சட்டம் இருக்கிறது. கங்காணியோடு கப்பலேறிய சாதியை எந்தத் துறைமுகமும் நிறுத்தவில்லை. சாதி இந்தியாவுக்குள் நின்றுவிடாது என்ற எச்சரிக்கை, அண்ணல் அம்பேத்கர் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே இருக்கிறது.

கொடியை அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன். "உங்க பேரைச் சொல்லி நட்டு வைக்கிறேன்" என்றார்.

களப்பணிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சாதியைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் ஒடுக்குமுறையைக் கணக்கெடுக்க முடியாது. ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதை மறைக்காதீர்கள். முடிந்தால் கேட்பதற்கு முன் நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். தன்னைச் சொல்லாமல் அடுத்தவரை மட்டும் கேட்பவர், நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாலும், அந்த வீட்டுக்காரர் மாதிரிதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கொல்லிமலையில் நான்கு வருடமாக "எந்த ஊரு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கீழ, சேந்தமங்கலம் பக்கம்" என்று மட்டும் சொல்லித் தப்பித்து வந்தவள் நான். அட்டனிலிருந்து திரும்பிய வாரம், நாற்றுப் பந்தலில் சாப்பிட உட்கார்ந்தபோது முழுதாகச் சொன்னேன். பெரும்பாலோர் "அதுக்கென்ன?" என்று சோற்றைப் பிசைந்தார்கள். ஒருவர் மட்டும் ஒரு வாரம் தள்ளி உட்கார்ந்தார்.

இப்போது அவரும் பக்கத்தில்தான் உட்காருகிறார். நேற்று என் தூக்கில் கை விட்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டார்.