அன்னைக்குக் காட்ட எண்ணிய பனி

இப்பள்ளியில் கல்வி பயின்ற உடன்பிறப்புகள் மூவர் நாங்கள். எங்கள் அன்னையார் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார்; இருள் விலகுமுன் பிரட்டுக்குப் புறப்பட்டு விடுவார். விடுமுறை என்னும் சொல்லுக்கு அந்நாளில் எங்கள் இல்லத்தில் ஒரே பொருள்தான், அது மழை. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை.

நாங்கள் தொழில் பெற்ற பின்னர், அன்னையாரை ஒருமுறையேனும் கவலையற்ற விடுமுறைக்கு அழைத்துச் செல்ல உறுதி பூண்டோம். பல்லாண்டு சேமித்து, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் சுவிட்சர்லாந்து நாட்டின் இண்டர்லாக்கன் நகரை அடைந்தோம்.

'ஏரிகளுக்கு இடையே' என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களினின்று பிறந்தது அவ்வூர்ப் பெயர். கிழக்கே பிரியன்ஸ் ஏரி, மேற்கே துன் ஏரி. இரண்டையும் இணைத்து ஓடுகிறது ஆரே ஆறு. தெற்கே நிமிர்ந்தால் யுங்ஃப்ராவ் சிகரம் வெண்மையாய்த் தோன்றும். பனியாறுகள் பாறையை மாவாய் அரைத்து ஆற்று நீரில் கலந்து அனுப்புவதால், பிரியன்ஸ் ஏரி நீலமும் பச்சையும் குழைந்த நிறம் கொண்டு விளங்குகிறது. அவ்வேரியில் 1914ஆம் ஆண்டில் கட்டிய நீராவிக் கப்பலொன்றில் சென்றோம். ஊர் நடுவே பரந்ததொரு புல்வெளி உண்டு. விடுதி உரிமையாளர்களும் ஊர்மக்களும் 1864ஆம் ஆண்டில் ஒன்றுகூடி அதனை விலைக்கு வாங்கினராம். எதற்கு? அதில் எவரும் கட்டடம் எழுப்பாமல் காப்பதற்கு!

இவையெல்லாம் அன்னையாரை அவ்வளவாகக் கவரவில்லை. அவர் மனத்தை ஈர்த்தது பாலாடைக்கட்டி பங்கிடும் விழா ஒன்றே.

துன் ஏரிக்கு மேலே, சிக்ரிஸ்வில் பகுதியில் யூஸ்டிஸ்டால் என்றொரு பள்ளத்தாக்கு உள்ளது. உழவர் பலரின் மாடுகள் கோடை முழுவதும் அங்கே ஒன்றாக மேய்கின்றன. அவை தரும் பாலைக் காய்ச்சி வட்ட வட்டமாகப் பாலாடைக்கட்டி செய்கின்றனர். செப்டம்பரில் அவ்வட்டங்களைக் குவியல்களாக அடுக்கி, எவருடைய மாடு எத்துணைப் பால் தந்ததோ அதற்கேற்பப் பங்கிடுகின்றனர். எக்குவியல் எவருக்கு என்பதைச் சீட்டெடுத்து முடிவு செய்கின்றனர். பின்னர் பூச்சூடிய மாடுகள், கழுத்து மணிகள் முழங்க, மலையினின்று இறங்குகின்றன.

அன்னையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே சென்றார். "யாருய்யா அளக்கிறது?" என்று எங்களைக் கேட்டார். எங்களோடு வந்திருந்த விடுதிக்காரப் பெண்மணியிடம் வினவினோம். பாலை அளந்து எழுதி வைப்பதாகவும், சீட்டெடுப்பதால் நல்ல குவியலை எவரும் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ள இயலாதென்றும் அவர் விளக்கினார். அன்னையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுத்தறியாத அவர், பால் கொட்டகையில் நிறுத்து எழுதிய கணக்கை நம்பி முப்பது ஆண்டுகள் கைநாட்டு வைத்தவர். அன்றிரவு, "அவங்க மாட்டுப்பாலு, நாம மரத்துப்பாலு. ஆனா அங்க எல்லாரும் பார்க்கப் பங்கு வைக்கிறாங்க" என்று மட்டும் கூறினார்.

அப்பயணத்தில் அவருக்குப் பனியைக் காட்ட இயலவில்லை. தொடர்வண்டி செல்லும் யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூச்சிரைப்பு உள்ளவர் அவ்வுயரம் ஏறலாகாதென்று மருத்துவர் முன்னரே தடுத்திருந்தார். "குளிர்காலத்தில் பனி ஏரிக்கரைக்கே இறங்கி வரும், அப்போது வருவோம், அம்மா" என்று வாக்களித்தோம்.

அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று நாங்களே தள்ளிப்போட்டோம். 2020இல் நோய்த்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டன. அவை திறந்தபோது அன்னையாரின் முழங்கால்கள் தளர்ந்து போயிருந்தன. "நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். 2023ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் நாங்கள் மட்டும் சென்றோம்.

ஏரிக்கரையில் பனி இல்லை! ஐரோப்பாவின் பல நாடுகளில் அவ்வாண்டுப் புத்தாண்டு நாள் வழக்கத்திற்கு மாறான வெப்பத்துடன் பிறந்தது. தாழ்ந்த மலைச்சரிவுகள் பசுமையாகவே கிடந்தன. இயந்திரம் பொழிந்த செயற்கைப் பனி சில இடங்களில் வெள்ளை நாடாவைப்போல் நீண்டது. அதன்மேல் பனிச்சறுக்குவோர் வரிசையாய் இறங்கினர். கோடையில் மாடு வளர்க்கும் உழவர்கள் குளிர்காலத்தில் சறுக்குத்தளங்களிலும் இழுவைக் கம்பிகளிலும் வேலை பார்ப்பது மலைநாட்டில் வழக்கம். அவர்களுக்கு வேலை தருவதும் அந்தப் பனிதான்.

யுங்ஃப்ராயோக் ஏறினோம். 1896இல் தொடங்கி 1912இல் முடிந்த இருப்புப்பாதை அது. அதன் குகையைக் குடைந்தவர்களுள் இத்தாலியத் தொழிலாளர் பலர். வெடி விபத்துகளில் மடிந்தோரும் உண்டு. உச்சியில் அலெட்ச் பனியாறு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் நீண்டு கிடந்தது. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டோம். பிடிப்பிடியாய்ப் பனியை அள்ளிப் பார்த்தோம். கையுறைக்குள் கரைந்து போயிற்று.

இல்லம் திரும்பியதும் அன்னையாரிடம் படங்களை ஒவ்வொன்றாய்க் காட்டினோம். பனியாற்றுப் படத்தை விரைவாகக் கடந்துவிட்டார். பச்சைச் சரிவின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "இது பனிக்காலந்தானே?" என்றார். நிலைமையை விளக்கினோம்.

"மழை பேஞ்சா நமக்கு வேலை இல்ல. பனி பேயலேன்னா அவங்களுக்கு வேலை இல்லாமப் போகுமா? அந்த நாளைக்குக் கூலி உண்டா?"

நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதனை நாங்கள் எவரிடமும் கேட்டு வரவில்லை.