சும்மாதான் போனேன்

"கார்டைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கேம்மா. கைக்கு வராம நாட்டை விட்டு வெளிய போனா திரும்ப உள்ள வர்றது கஷ்டம்."

இரண்டு டிசம்பர்களிலும் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன். முதல் வருடம் அது உண்மை. ஸ்பெயினில் மாணவர் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பில் இருக்கும்போது வெளிநாடு போய்த் திரும்ப வேண்டுமென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். எனக்கு அது நேரத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் வருடம் புது அட்டை என் பர்ஸில் இருந்தது.

மாட்ரிட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறை நீளமானது. டிசம்பர் 22 அன்று பள்ளிப் பிள்ளைகள் லாட்டரி எண்களைப் பாடுவதோடு ஊர் சோம்பல் முறிக்கும். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தால்தான் எங்கள் ஆய்வுக்கூடம் பழையபடி இயங்கும். முள்ளுக்குறிச்சிக்குப் போய்வரத் தாராளமான நாட்கள். போகப் பிடிக்கவில்லை.

அதற்கு முன்பு ஊருக்குப் போயிருந்த 17 நாட்களில் மூன்று குடும்பங்கள் என்னைப் பார்க்க வந்தன. மூன்று முறையும் காபித் தட்டை நான்தான் தூக்கினேன். மீதி நாட்களில் அடுப்படி. "பாவம், லீவுல வந்திருக்கா" என்று வாய் நிறையச் சொன்னவர்கள் எல்லோருக்கும் நான்தான் தோசை ஊற்றினேன்.

ஸ்பெயினிலும் பெரிய வித்தியாசமில்லை. ஊருக்குப் போக முடியாத வருடம், டிசம்பர் 24 இரவு விருந்துக்குத் தோழியின் வீட்டில் அழைத்தார்கள். 9 மணிக்கு டிவியில் அரசரின் கிறிஸ்துமஸ் உரை. ஆண்கள் சோபாவில் இருந்து பார்த்தார்கள். தோழியின் அம்மா இறால் வதக்கியபடி அடுப்படியிலிருந்து காதால் கேட்டார். விருந்து முடிய ஒரு மணி ஆனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரம் இருபது நிமிடம் இருக்கலாம்.

அடுத்த வருடம் யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்று முடிவெடுத்தேன். 23 இரவு லிஸ்பனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. கருத்தரங்கு இல்லை, நேர்முகத் தேர்வு இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது: இருபத்தொன்பது வயதில், காரணமில்லாமல் நான் போகும் முதல் பயணம் இது. கல்லூரிக்கு, ஆய்வுக்கு, சம்பளத்துக்கு என்று ஒவ்வொரு முறை வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் கையில் ஒரு காரணம் இருந்தது.

எங்கள் மலைக்கு வந்த வெள்ளைக்காரப் பாட்டி அப்போது நினைவுக்கு வந்தார். மலைமேல் பிறந்த என் ஆயா சொல்லிக் கேட்டது: மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் மருந்து கொடுப்பாராம். லண்டனில் பிறந்த ஈவ்லின் பிராண்ட். 1923இல் பிள்ளைகள் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் தன் சகோதரிகளிடம் விட்டுவிட்டுக் கணவரோடு மலைக்குத் திரும்பினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து பேர்பெற்ற பால் பிராண்ட். 1929இல் கணவர் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஈவ்லின் மலையை விடவில்லை. 1974 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, 95 வயதில் இறந்தார்.

எத்தனை கிறிஸ்துமஸ்களைச் சொந்த ஊரை விட்டு எங்கள் மலையில் கழித்திருப்பார்! ஊரில் அதைச் சேவை என்கிறார்கள்; சேவைதான். ஆனால் சேவை என்ற சொல் இல்லாதிருந்தால், பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த பெண்ணை என்ன சொல்லியிருப்பார்கள்? ஒரு பெண் வீட்டை விட்டுப் போகலாம், பிறருக்காகப் போனால். 'சும்மா' போக நமக்குச் சொல்லே இல்லை. அதனால்தான் நான் கார்டின் மேல் பழியைப் போட்டேன்.

24 இரவு லிஸ்பனில் கடைகள் அடைத்துக் கிடந்தன. பெம்ஃபொர்மோசு தெருவில் வங்கதேசத்துக்காரர் ஒருவரின் உணவகம் திறந்திருந்தது. உள்ளே நான் ஒருத்திதான் பெண். "தனியாவா?" என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். சோறும் மீன் குழம்பும் வந்தன. யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, நான் எழுந்து கை கழுவியது மட்டும்தான்.

மறுநாள் காலை ஆற்றங்கரையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் மாலை நேரம். அம்மா சத்துணவுச் சமையலர். பள்ளிக்கு அரையாண்டு லீவு விட்டால், அந்த நாட்களில் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போவார். கை நிறைய மண்ணோடுதான் போனை எடுத்தார். வீடியோவில் என் பின்னால் தண்ணீரைப் பார்த்துவிட்டார்.

"மாட்ரிட்ல ஏது கண்ணு இவ்ளோ பெரிய ஆறு?"

சொல்லிவிட்டேன். கார்டு வந்தது, பொய் சொன்னது, எல்லாம்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபமா, வருத்தமா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தனியா அங்க என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

"சோறு?"

"கடையில."

மறுபடி மௌனம். பிறகு, "ஒரு நாள் பூரா ஒண்ணும் பண்ணாம இருந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போனைத் திருப்பி ஆற்றைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தார்.

வாசலில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாகிட்ட கார்டு இன்னும் வரலன்னே சொல்லிக்கிறேன். நீ வெச்சிரு."