வன்தட்டின் வாசலில் ஒரு வரிசை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கணினி என்றாலே கண் இமைக்கும் நேரத்தில் காரியத்தை முடித்துவிடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அதனுள்ளும் ரேஷன் கடையில் இருப்பது போன்ற ஒரு வரிசை உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே? ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் முன்னால், "இதைப் படித்துக் கொடு", "இதை எழுதி வை" என்னும் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டே இருக்கின்றன.

வரிசைகளைக் கணக்கிடும் கலை பிறந்த இடம் தொலைபேசி நிலையம். டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய ஆக்னர் கிராரப் எர்லாங் என்னும் கணித அறிஞர், முன்னறிவிப்பின்றி வந்து விழும் அழைப்புகளையும் கணக்கில் அடக்கலாம் என்று 1909-ஆம் ஆண்டில் எழுதிக் காட்டினார். வன்தட்டு வந்தது 1956-இல். ஐ.பி.எம். நிறுவனத்தார் செய்த அந்த 'ராமாக்' இயந்திரத்தில் 24 அங்குலக் குறுக்களவுள்ள 50 தட்டுகள். அவற்றினிடையே ஏறி இறங்க ஒரே கை! 50 இலட்சம் எழுத்துகளைச் சேமிக்கும். ஆனால் ஒன்றைத் தேடி எடுக்க அரை வினாடிக்கு மேலாகும். கை ஒன்று, கேட்பவர் பலர் என்றால் எர்லாங்கின் கணக்கு அங்கும் வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பென்ன?

இன்றைய சாதாரண வன்தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் கையின் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குச் சற்று மேல். கை நகர்வதற்குச் சுமார் 8. ஆக, ஒரு கோரிக்கையை முடிக்க ஏறக்குறைய 12 மில்லி வினாடி.

இவற்றையெல்லாம் நாங்கள் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் பள்ளி அலுவலகக் கணினி. கட்டணப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் அதில்தான் உள்ளன. காலை 10 மணியானால் போதும், அது அசைய மறுக்கும். இரசீதுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் வந்த பெற்றோர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருப்பார்கள். புதிய கணினி வாங்குவதா, அல்லது அப்பணத்தை நூலகத்திற்கே வைத்துக்கொள்வதா என்று பேச்சு எழுந்தது. "ஊகிக்க வேண்டாம், அளந்து வாருங்கள்" என்று கணினி ஆசிரியை எங்களில் நால்வரை அனுப்பினார். அலுவலக சிஸ்டரும் அன்புடன் அனுமதி தந்தார்கள்.

கணினியிலேயே இருக்கும் கண்காணிப்புக் கருவியை ஒரு வாரம் பார்த்துக் குறித்தோம். காலை 10 மணி அளவில் வினாடிக்கு 70 கோரிக்கைகள் வந்தன. நடப்பதையும் காத்திருப்பவற்றையும் சேர்த்துச் சராசரியாக 5 கோரிக்கைகள் எந்நேரமும் இருந்தன. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் நிறுவிய எளிய விதி ஒன்று உண்டு: உள்ளே இருப்பவரின் சராசரி எண்ணிக்கை என்பது, வினாடிக்கு வருபவரை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியது. அப்படியானால் 5-ஐ 70-ஆல் வகுக்க, ஒவ்வொரு கோரிக்கையும் 71 மில்லி வினாடி தங்குகிறது. வேலை 12, மீதி 59-ம் வெறும் காத்திருப்பு!

வினாடிக்கு 70 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 12 மில்லி வினாடி என்றால் தட்டு 84 விழுக்காடு நேரம்தான் உழைக்கிறது. இன்னும் 16 விழுக்காடு ஓய்வு இருக்கிறதே, பிறகு ஏன் இந்த நெரிசல் என்று நாங்கள் நெடுநேரம் வாதாடினோம். கோரிக்கைகள் நம்மைப்போல் மணி அடித்து வருவதில்லை. சில வேளை ஒன்றும் வராது, சில வேளை பத்தும் சேர்ந்து வரும். வருகையும் வேலை நேரமும் இவ்வாறு ஒழுங்கின்றி மாறும்போது, தங்கும் நேரத்தை அறிய வேலை நேரத்தை ஓய்வின் பங்கால் வகுக்க வேண்டும் என்கிறது சூத்திரம். தட்டு பாதி நேரம் உழைத்தால் 24 மில்லி வினாடி, 80 விழுக்காட்டில் 60, 90-இல் 120, 95-இல் 240. கடைசி ஐந்து விழுக்காட்டில் காத்திருப்பு இரு மடங்காகிறது பாருங்கள்! (நேர அட்டவணையில் ஓய்வு வேளை எதற்கு என்று கேட்போருக்கு இதனைக் காட்டலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.) 84 விழுக்காட்டிற்குச் சூத்திரம் தரும் விடை 75; நாங்கள் அளந்தது 71. வீட்டுக் கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தால் நாங்கள் துள்ளிக் குதித்திருப்போம்.

அந்த 70-ஐ அனுப்பியது யார்? பாதி, வைரஸ் தேடும் வேலையும் நகல் எடுக்கும் வேலையும். இரண்டும் தினமும் சரியாக 10 மணிக்குத் தொடங்குமாறு எப்போதோ வைக்கப்பட்டிருந்தன. அவற்றை மாலை 5 மணிக்கு மாற்றினோம். எஞ்சிய 35 கோரிக்கைகளுக்குத் தட்டு 42 விழுக்காடுதான் உழைக்கிறது. தங்கும் நேரம் 21 மில்லி வினாடி. ஒரு மாணவியின் பக்கத்தைத் திறக்க அடுத்தடுத்துச் சுமார் 100 கோரிக்கைகள் வேண்டியிருப்பதால், முன்பு 7 வினாடி ஆனது இப்போது 2 வினாடியில் முடிகிறது. சுமை பாதியானதற்குக் காத்திருப்பு மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரை முதலில் அழைப்பது? கைக்கு அருகில் இருப்பதையே முதலில் எடுத்தால் சராசரி நேரம் குறையும். ஆனால் அருகில் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால், ஓரத்தில் நிற்கும் கோரிக்கை நின்றபடியே நிற்கும். ஆதலால் 'லிஃப்ட்' முறை ஒன்றைக் கண்டார்கள். கை ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே வழியில் உள்ளவற்றையெல்லாம் முடித்து, பிறகு திரும்பி வரும். எங்களில் ஒருத்தி முதல் முறையே வேகமானது என்று இறுதிவரை விடவில்லை. மற்ற மூவரும் லிஃப்ட் பக்கம். சராசரி என்ற எண்ணுக்குள் அந்த ஓரத்துக் கோரிக்கை ஒளிந்துபோகிறது என்பதே எங்கள் குறை.

புதிய எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை முடிக்கும். அங்கும் வரிசை உண்டு, மிக வேகமாக நகரும் வரிசை.

ஜூன் மாதச் சேர்க்கையின்போது கோரிக்கைகள் கூடும். வினாடிக்கு 60 வரை போனாலும் தங்கும் நேரம் 43 மில்லி வினாடிதான், பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் புதிய கணினி வாங்குவதே நலம் என்று எழுதிக் கொடுத்தோம். சிஸ்டர் அந்தத் தாளைக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டி, 60 என்ற எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.