கங்காரு வாலும் என் தீசிஸும்

1/ அடையாறு பக்கம் சர்தார் படேல் சாலையில டிராஃபிக்ல மாட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு கங்காரு வால் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு. ஒரு சின்ன த்ரெட்.

2/ வருஷம் 1952. மெட்ராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார். அவர் ஒரு மகப்பேறு மருத்துவர். இயற்பியல் துறையை ஜி.என்.ராமச்சந்திரன்கிற இளைஞர் கையில கொடுக்கிறார்.

3/ அந்த சமயம் இங்கே வந்த பிரிட்டன் விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் புரதத்தோட அமைப்பு இன்னும் சரியா பிடிபடலைன்னு சொல்லிட்டுப் போறார். நம்ம தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்தையும் தாங்குறது கொலாஜன்தான்.

4/ இயற்பியல்காரர் தசைநாணுக்கு எங்க போவார்? கிண்டி வளாகத்துக்குப் பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கே! அங்கேயிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைச்சது. எக்ஸ்ரே படம் எடுத்தாங்க. 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து ‘நேச்சர்’ இதழ்ல எழுதினார்: மூணு புரி சேர்ந்த கயிறு மாதிரி அமைப்பு.

5/ “அணுக்கள் ரொம்ப நெருக்கமா இருக்கே”ன்னு ரிச்சும் கிரிக்கும் குறை சொன்னாங்க. சரி, எவ்வளவு நெருங்கலாம்னு கணக்கு போட உட்கார்ந்தாங்க. அதோட பலன்தான் 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரனோட சேர்ந்து வெளியிட்ட ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புரத அமைப்பைச் சரிபார்க்க இன்னிக்கும் உலகம் முழுக்க அதுதான்.

6/ டாக்டருக்கு இதுல என்ன? அந்தக் கயிறுல ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின். அமினோ அமிலங்கள்ல அதுதான் சின்னது. நடுவுல வேற எதுக்கும் இடம் கிடையாது. அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உட்கார்ந்தா, சும்மா தூக்கினாலே எலும்பு முறியுற குழந்தை பிறக்கலாம்.

7/ இப்போ என் கதை. பிஜி படிக்கும்போது சர்க்கரை நோய் கால் புண் பத்தி தீசிஸ். 14 மாசம் டேட்டா சேர்த்தேன். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மயிலாப்பூர்ல ஒரு புள்ளியியல் பேராசிரியை வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்துட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி: “பாதியில வராம நின்னவங்க, ஆறினதால நின்னாங்களா, மோசமானதால நின்னாங்களா?”

8/ எங்கிட்ட பதில் இல்லை. குறிச்சு வைக்கவே இல்லை. “முன்னாடியே வந்திருக்கலாமேப்பா”ன்னாங்க. தீசிஸ் பாஸ் ஆச்சு. ஆனா அதை வெச்சு ஒரு நோயாளிக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பஸ் மாறி, கட்டுப்போட்ட காலோட வந்தவங்க நேரத்தை நான் வீணாக்கினேன்.

9/ வேற துறைக்காரங்களோட வேலை செய்யறது சுலபம்னு சொல்லமாட்டேன். ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குப் புரியவே பல மாசம் ஆகும். யார் பேர் முதல்லங்கிற சண்டையும் வரும். பேப்பர் எண்ணிக்கை மட்டும் வேணும்னா தனியா ஓடுறதே வேகம்.

10/ ஆனா கேள்வி சரியா இருக்கணும்னா, டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடியே பக்கத்து காம்பவுண்டுக் கதவைத் தட்டுங்க. தீசிஸ் தலைப்பு தேடிட்டிருக்கிற தம்பி தங்கச்சிகளே, இது உங்களுக்குத்தான்.