முப்பத்தேழாம் எண்

நோய் நம்மிடம் வரும்போது முன்கூட்டியே சொல்லி அனுப்புவதில்லை. நள்ளிரவில் வரும், விருந்து நாளில் வரும், அறுவடைக்கு ஆள் கிடைக்காத வேளையில் வரும். ஆனால் அந்நோயைத் தீர்க்கும் மருத்துவரிடம் நாம் போக வேண்டுமாயின், முதலில் ஒரு சீட்டு வேண்டும். அச்சீட்டில் ஓர் எண் வேண்டும். அந்த எண் அழைக்கப்படும் வரையில் அமர்ந்திருக்கப் பொறுமை வேண்டும். ஷிஃபாவை அளிப்பவன் இறைவன் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை நாடிச் செல்வோர் மருத்துவரின் வாயிலில் நிற்கும் வரிசையைப் பற்றியே இங்கே சிறிது பேச விரும்புகிறோம்.

நாம் வாழ்வது இண்டூரில். தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் பேருந்தில் ஏறியவர்கள், ஒகேனக்கல் அருவியைக் காணும் ஆவலில் நம் ஊரைச் சன்னல் வழியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்திருப்பார்கள். மழையை நம்பிய நிலம். மாந்தோப்பு, புளிய மரம், கேழ்வரகு. மழை பொய்த்தால் இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் புறப்பட்டு விடுவர். வீட்டில் எஞ்சுவோர் முதியவர்களும் குழந்தைகளும். ஆக, மருத்துவர் மிகுதியாகத் தேவைப்படுவோர் ஊரில் இருக்கின்றனர். அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் வெளியூரில் இருக்கின்றனர். போதாக்குறைக்கு, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டம் நம்முடையது. 2013ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெறும் முன்பு, பல்லாண்டுகள் அந்நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையின் பற்களில் கறையையும் மூட்டுகளில் வலியையும் இன்றும் காணலாம்.

ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதிகாலைத் தொழுகை முடிந்து நாம் வீடு திரும்பும் வேளையிலேயே அதை நோக்கி நடப்பவர்களைக் கண்டிருக்கிறோம். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பழைய சீட்டுகளும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளும். கதவு திறக்குமுன் வந்தவர்கள் தம் பையையோ செருப்பையோ வரிசையில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போவதுண்டு. செருப்பு நின்றால் ஆள் நின்றதாகவே பொருள். அந்த எழுதாச் சட்டத்தை எவரும் மீறுவதில்லை. பிறகு பெயரும் வயதும் சொல்லிச் சீட்டுப் பெறுவது, செவிலியர் இரத்த அழுத்தம் பார்ப்பது, மருத்துவர் அறை முன் காத்திருப்பது, மருந்து வாங்கும் சன்னல் முன் மீண்டும் ஒரு முறை காத்திருப்பது. புதன்கிழமையானால் தடுப்பூசி நாள். கைக்குழந்தைகளின் அழுகையில் முதியவர்களின் இருமல் மறைந்து போகும். காசு எதுவும் கேட்பதில்லை. நாம் அங்கே செலுத்தும் கட்டணம் நேரம் ஒன்றுதான். அரை நாட் கூலியை இழந்து வருபவருக்கு அந்த நேரமும் காசுதான் என்பது வேறு செய்தி.

இந்த ஏற்பாட்டின் வரலாறு நீண்டது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கையே, சிற்றூர் மக்களின் நடை தூரத்திற்குள் மருத்துவம் வர வேண்டும் என்ற எண்ணத்திற்கு இந்நாட்டில் வடிவம் கொடுத்தது. 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழலாயின. சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது பின்னர் வகுக்கப்பெற்ற அளவு. முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்றால், அங்கே அமர்ந்திருக்கும் ஓரிரு மருத்துவர்களின் காலைப் பொழுது எத்தனை துண்டுகளாக வெட்டப்படும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். 67 நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரத்தைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சுவீடனில் அது 22 நிமிடங்களுக்கும் மேல் என்றும், வங்காள தேசத்தில் 48 விநாடிகள் என்றும் கூறியது. நம் நாட்டிற்கு அது குறித்த அளவு ஏறத்தாழ 2 நிமிடங்கள். நான்கு மணி நேரம் காத்திருந்து இரண்டு நிமிடம் பேசுவது நம் ஊரின் குறை மட்டுமன்று; மருத்துவர் சிலராகவும் நோயாளிகள் பலராகவும் இருக்கும் எந்த ஊரிலும் இதுவே நிலை.

நிற்க. நாம் சொல்ல வந்தது வேறொரு வரிசையைப் பற்றியது. அதில் குற்றவாளி நாமே.

2018ஆம் ஆண்டின் மழைக்காலம். நம் தாயாருக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். காலில் ஒரு புண் கண்டு ஆறாமல் இருந்தது. நகரில் பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டலாம் என்று முடிவு செய்தோம். அவர் நோயாளிகளைப் பார்ப்பது மாலையில். டோக்கன் கொடுப்பதோ காலையில். ஆகவே காலையில் ஒரு முறை பேருந்தேறிச் சென்று வரிசையில் நின்றோம். கிடைத்த எண் 37. ஊர் திரும்பி, மாலையில் தாயாரை அழைத்துக்கொண்டு மறுபடி பேருந்தேறினோம். ஒரு மருத்துவரை ஒரு முறை பார்க்க இரண்டு பயணம்.

இரவு எட்டு மணிக்கு இருபத்திரண்டாம் எண் உள்ளே சென்றது. தாயார் விசுப்பலகையில் காலை நீட்டவும் இயலாமல், மடக்கவும் இயலாமல் அமர்ந்திருந்தார். நமக்குப் பக்கத்தில் ஒரு பெண். ஏரியூருக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூர். மடியில் ஏழெட்டு வயதுச் சிறுவன் காய்ச்சலில் துவண்டு கிடந்தான். அவள் கையில் இருந்த எண் 23. பேருந்து நிலையத்திலிருந்து தன் ஊர்ப்பக்கம் செல்லும் கடைசி வண்டிக்கு நேரம் இருக்கிறதா என்று வருவோர் போவோரிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாமோ தாயாரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். பொறுக்க மாட்டாமல் வெளியே வந்து, நகரில் செல்வாக்குள்ள நண்பர் ஒருவருக்குத் தொலைபேசியில் பேசினோம். அவர் யாரிடம் என்ன சொன்னாரோ அறியோம். ஐந்து நிமிடத்தில் கம்பவுண்டர் வெளியே வந்து, எண்ணைச் சொல்லாமல் நம் தாயாரின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

விசுப்பலகையில் ஒரு சலசலப்பு. எவரும் வாய் திறந்து ஏதும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் மகனை அணைத்தவாறே முழங்காலை ஒதுக்கித் தாயாருக்கு வழி விட்டாள். “போங்க பாயம்மா. உங்களுக்கு ரொம்ப முடியல போலிருக்குது” என்றாள். அதில் குத்தல் இல்லை, உண்மையாகவே சொன்னாள். அவள் ஏசியிருந்தால், அன்றே மறந்திருப்போம்.

உள்ளே நமக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. புண்ணைக் கழுவிக் கட்டி, மருந்தெழுதிக் கொடுத்தார் மருத்துவர். வெளியே வந்தபோது இருபத்து மூன்றாம் எண்ணை அழைத்தார்கள். நாம் மருந்து வாங்கி, நண்பர் அனுப்பி வைத்த காரில் ஏறிப் பேருந்து நிலையத்தைக் கடக்கையில், விளக்கடியில் ஒரு திண்ணையில் அப்பெண்ணும் சிறுவனும் அமர்ந்திருந்ததைக் கண்டோம். கடைசி வண்டி போய்விட்டது என்பதை அவர்கள் அமர்ந்திருந்த விதமே சொல்லிற்று. அவர்கள் செல்ல வேண்டியதும் நம் சாலைதான். ஆனால் ஏரியூர் நம் ஊருக்கு வெகு தூரம் அப்பால். கார் நம்முடையதன்று, ஓட்டுநருக்கும் நேரமாயிற்று என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். கார் நிற்கவில்லை.

ஊர் வந்து சேரும் வரையில் தாயார் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்த பிறகு, “நம்ம நம்பர் முப்பத்தேழுதானேப்பா?” என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. “அந்தப் புள்ளை இருபத்து மூணு” என்றார். அவ்வளவுதான். அந்த டோக்கனை அவர் எறியவில்லை. தம் மருந்துப் பையிலேயே போட்டு வைத்தார்.

நீண்ட நாள் நாம் நம்மையே வாதாடிப் பார்த்திருக்கிறோம். தாய்க்காகச் செய்ததுதானே? ஆம். ஆனால் அந்தப் பெண்ணும் மகனுக்காகத்தானே வந்தாள்? தாயாரின் புண் பல வாரங்களாக இருந்தது. சிறுவனின் காய்ச்சல் அன்றையது. நமக்கு வீடு அருகில், அவர்களுக்குத் தொலைவு. நோயின் கடுமையைப் பார்த்தாலும், போக வேண்டிய தூரத்தைப் பார்த்தாலும், வந்த வரிசையைப் பார்த்தாலும் அவளே முன்னவள். நம்மிடம் அதிகமாக இருந்தது ஒன்றே ஒன்று: ஒரு தொலைபேசி எண். தொழுகையில் அரசனும் ஆண்டியும் ஒரே அணியில் தோளோடு தோள் நிற்பதைப் பெருமையோடு பேசுகிறோம். பிந்தி வந்தவர் பின் அணியில் நிற்கிறார். முன்னால் நிற்பவரின் தோளைத் தாண்டிச் செல்ல எவரும் துணிவதில்லை. பள்ளிவாசலில் கற்ற பாடத்தை மருத்துவமனை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டோம்.

இந்த வரிசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் வாழும் நம் உறவினர் ஒருவர் அங்குள்ள நிலையைச் சொல்லக் கேட்டோம். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கிய தேசிய நலவாழ்வுப் பணி, அந்நாட்டில் குடும்ப மருத்துவரைக் கட்டணமின்றிக் காணும் உரிமையை எல்லோர்க்கும் வழங்கியது. ஆயினும், காலை எட்டு மணி அடித்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் தொலைபேசியைச் சுழற்றுவதும், இணைப்புக் கிடைக்கு முன்பே அன்றைய இடங்கள் தீர்ந்துவிடுவதும் அங்கே பலரும் அறிந்த துன்பமாம். இங்கே செருப்பு வரிசையில் நிற்கிறது. அங்கே விரல் நிற்கிறது. கட்டணத்தை நீக்கிய பிறகும், மருத்துவரின் நேரத்தைப் பங்கிடும் கடமை எஞ்சியே நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தனர். ரய் நகரில் பிறந்து பாக்தாத் மருத்துவமனைக்குத் தலைமை ஏற்றவர் அறிஞர் அர்-ராஸீ. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அப்பேரறிஞர் பெரும் மருத்துவக் களஞ்சியங்களை எழுதியதோடு அமையாமல், ‘மருத்துவர் வாய்க்காதவருக்கு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறு நூலும் எழுதினார். ஏழைகளும் பயணிகளும் எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு தம் நோயைக் கவனித்துக் கொள்ள அது வழி சொன்னது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனை, செல்வர், வறியவர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அனைவரையும் ஏற்றது. மருத்துவர் அனைவர்க்கும் வாய்ப்பதில்லை என்ற உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, வாய்க்காதவருக்காக உழைத்த பெருந்தகைமையை எண்ணி வியக்கிறோம்.

அத்தகைய எண்ணம் நம் காலத்திலும் ஒரு வடிவம் பெற்றிருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், நம் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வைக்கப்பெற்றது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களை வீடு தேடி வந்து சோதித்து, மாத்திரையும் கொடுத்துச் செல்லும் பெண் தன்னார்வலர்களைக் கொண்டது அத்திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. தாயாரின் வீட்டு வாசலுக்கும் அப்படி ஒரு பெண் வந்தார். மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நின்ற பலர் வீட்டிலேயே இருக்க, அவர்களின் இடம் வரிசையில் காலியாகிறது. வீட்டிற்கு மாத்திரை வந்தவருக்கு மட்டுமா நன்மை? ஏரியூரிலிருந்து வரும் சிறுவனுக்கும் நன்மைதானே!

அரசு செய்வதை அரசு செய்யட்டும். நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தின் இளைஞர்கள் இருவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் முதியவர்களுக்காகக் காலையில் சென்று டோக்கன் பெற்றுத் தரலாம். ஜாதி மதம் பாராமல் தெரு முழுமைக்கும் செய்யலாம். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை முதல்நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கிடைக்கும் இரண்டு நிமிடமும் வீண்போகாது. தனியார் மருத்துவமனை நடத்தும் நம் சகோதரர்கள், டோக்கனில் எண்ணோடு உத்தேச நேரத்தையும் குறித்துக் கொடுத்தால் எத்தனையோ பேர் மாலை முழுதும் காத்திருக்கும் துன்பம் நீங்கும். தொலைவிலிருந்து வருவோரையும் குழந்தைகளையும் முதலில் பார்க்கும் வழக்கத்தை அவர்களே தொடங்கி வைக்கலாம். இவை எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

எல்லாவற்றிலும் எளியது தாயார் கண்ட வழி. அந்த இரவுக்குப் பின் எந்த மருத்துவரிடம் சென்றாலும், விசுப்பலகையில் அமர்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “இங்க யாராச்சும் ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கீங்களா?” என்பதுதான். எவரேனும் கையுயர்த்தினால் தம் சீட்டை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் சீட்டைத் தாம் வாங்கிக்கொள்வார். நமக்கு உள்ளூரச் சலிப்பாக இருக்கும். ஒரு முறை இருபது பேருக்குப் பின்னால் போனோம்; இன்னொரு முறை மருந்துக்கடை அடைக்கும் வரையில் இருந்தோம்.

தாயார் இப்போது நம்மிடையே இல்லை. அவருடைய மருந்துப் பையை ஒழித்தபோது, அந்தப் பழைய டோக்கன் அடியில் மடிந்து கிடந்தது. எண் மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. அச்சிறுவன் இப்போது இளைஞனாகியிருப்பான். எங்கிருக்கிறான் என்று அறியோம். அவனுக்கும் அவனைச் சுமந்து வந்த தாய்க்கும் இறைவன் நீண்ட நலத்தை அருள்வானாக. நம் பிழையை அவர்கள் பொறுத்தருள்வார்களாக. அடுத்த முறை மருத்துவரின் வாசலில் அமரும்போது, தாயாரின் கேள்வியை நம் வாயால் கேட்கும் துணிவை அவன் நமக்குத் தருவானாக!