டென்வரில் ஒரு நுரைப் புராணம்

டென்வருக்கு 'ஒரு மைல் உயர நகரம்' என்று செல்லப் பெயர். கொலராடோ சட்டசபைக் கட்டடத்தின் படிகளில் ஏறும்போதே, கடல் மட்டத்துக்கு ஒரு மைல் மேலே நிற்கிறோம் என்று ஒரு படி அறிவிக்கிறது. மூச்சு வாங்கியதற்குக் காரணம் உயரம்தான், வயது அல்ல என்று சமாதானம் செய்துகொண்டேன்!

"இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறதடி! குக்கர் இல்லாவிட்டால் பருப்பு லேசில் வேகாது" என்று அக்கா அலுத்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஆசிரியர். கடலோரப் பாஸ்டனிலிருந்து குடிவந்து இரண்டே மாதம். ஞாயிறன்று மகளின் நிச்சயதார்த்தம். சொந்தக் கையால் காய்ச்சிய பீரைத்தான் பரிமாறுவது என்று சங்கற்பம். முகம் சுளிக்காதீர்கள், நேயர்களே! வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ள 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அங்கே இடம் தருகிறது. நானும் பார்க்கத்தான் போனேன்; பருக அல்ல!

வியாழனன்று மனிதர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். எதிரே 5 காலன் எவர்சில்வர் பீப்பாய். பாஸ்டன் வழக்கப்படி சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் கரியமில வாயு ஏற்றியிருக்கிறார். இரண்டு வாரமாகியும் சுரத்தே இல்லை. ஆத்திரத்தில் முந்தின இரவு 30-க்குத் திருகி, பீப்பாயைக் குலுக்கியும் விட்டார். இப்போது குழாயைத் திறந்தால் தம்ளர் நிறைய நுரை!

அக்கா பருப்புக் கதையைச் சொன்னதும் அவர் துள்ளி எழுந்தார். அழுத்தமானி காட்டுவது வெளிக் காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. டென்வரில் காற்றின் அழுத்தமோ சுமார் இரண்டரை பவுண்டு குறைவு. அங்கே 12 என்றால், இங்கே ஏறக்குறைய 14½ வேண்டும்!

பரிகாரம் ஆரம்பமாயிற்று. வாயுவை நிறுத்தி, மூடியிலுள்ள வளையத்தை மணிக்கொரு தடவை இழுத்து, மிகுந்ததை 'உஸ்' என்று வெளியேற்றினார். பிறகு முள்ளை 14½-ல் நிறுத்தினார். அழுத்தம் கூடினால் பீர் பாய்ந்து வந்து நுரைக்கும் அல்லவா? ஐந்தடி ரப்பர் குழாயை எடுத்துவிட்டு, அதே அளவு மெல்லியதாகப் பத்தடிக் குழாய் மாட்டினார். நீளக் குழாயில் உராய்ந்து வரும்போது வேகம் அடங்கிவிடுமாம். குழாய் வெதுவெதுப்பாக இருந்தாலும் முதல் தம்ளர் பொங்கும் என்று, அதையும் குளிர்பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்தார். அப்புறம் கடினமான வேலை: இரண்டு நாள் தொடாமல் இருப்பது!

ஞாயிறு மாலை. எங்கள் கையில் எலுமிச்சை ரசம். குழாய் திறந்தது. பொன்னிறப் பானம், மேலே இரண்டு விரற்கடை நுரை. மகள் ஒரு வாய் பருகிவிட்டு, "அப்பா, நம் பாஸ்டன் வீட்டு ருசி!" என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நுரை தெறித்துவிட்டது" என்றார். நாங்களும் நம்பியதுபோல் தலையாட்டினோம்.