கைப்பைக்குள் ஒரு துப்பாக்கி

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் நாம் தங்கியிருந்தபோது, அப்பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், வயது எழுபதைக் கடந்தவர், துப்பாக்கி வாங்கச் செல்கையில் நம்மையும் உடனழைத்துச் சென்றார். 2021 செப்டம்பர் முதல் அங்கே 21 வயது நிரம்பியோரில் பெரும்பாலோர்க்கு, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமச்சீட்டும் வேண்டியதில்லை.

நம் ஊரில் மூக்குக்கண்ணாடி தெரிந்தெடுப்பதுபோல் ஒவ்வொன்றாய்க் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். பதினைந்து தோட்டா கொள்ளும் கிளாக் 19 ஆடைக்குள் புடைத்துத் தெரிந்தது. 2018-இல் வெளிவந்த சிக் பி365 அதனினும் சிறியது. பத்துத் தோட்டா கொள்ளும். மறைப்பது எளிது, ஆனால் சிறியதாயின் சுடும்போது கையில் உதைப்பு மிகுதி என்றார் கடைக்காரர். அதன் மேற்பகுதியைப் பின்னிழுக்க அம்மூதாட்டியின் மூட்டுவாதக் கைகளுக்கு வலுவில்லை. ஐந்து தோட்டா ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை, விசைதான் கடினம். இருமுறை இழுத்துப் பார்த்து, அதுவே போதும் என்றார். விசையை மூடும் கெட்டியான உறையின்றிக் கைப்பைக்குள் போடலாகாது, சாவிக்கொத்து சிக்கினால் வெடித்துவிடும் எனக் கடைக்காரர் எச்சரித்தார். வணிகரேயாயினும் நல்லறிவுரை.

“பேரப்பிள்ளைகள் வரும் நாளில் இதை எங்கே வைப்பீர்கள், அம்மா?” என வினவினோம். அவர் விடை கூறவில்லை. சற்றுப் பொறுத்து, பூட்டுள்ள சிறு இரும்புப் பெட்டியொன்றின் விலையைக் கேட்டார்.